இடுப்பில் எதுவும் இல்லை

ஊர்ப் படிப்பு வட்டத்தில் தாயத்துக்கு எதிராக ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கிய நான், அடுத்த மாதமே செல்லிப்பட்டுக்குப் போய் ஒரு செம்புத் தாயத்தை அரணாக்கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தேன். முதுகுவலிக்கு. முதுகுவலியோடு பைக்கில் போனது தனி முட்டாள்தனம். கட்டிவிட்டவர், "உள்ள லாடத்து ஆணி வெச்சிருக்கேன், ஒண்ணும் அண்டாது" என்றார். வலி ஏற்கெனவே அண்டியிருந்தது, அது போவதாயில்லை.

வலது கால் பெருவிரல் மேலே எழும்ப மறுத்த அன்று எலும்பு டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். "நரம்பு நசுங்குது போல. எம்ஆர்ஐ பாத்துட்டுதான் ஆபரேஷனான்னு சொல்வேன். தள்ளிப்போட்டீங்க, காலை இழுத்துக்கிட்டுதான் நடக்கணும்." எனக்கு லிஃப்டில் ஏறினாலே வியர்க்கும். குழாய்க்குள் அரை மணி நேரம் என்றதும் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மயக்கம் கொடுத்து எடுப்பதென்று முடிவானது.

ஸ்கேனுக்குத் துணையாக வந்தவன் என் மனைவியின் தம்பி. ஏம்பலத்தில் கரும்பு போடுகிறவன். அவனிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் கடைசித் தெரு வரை போய்விடும்.

உடை மாற்றும் அறையில் கயிற்று முடிச்சோடு மல்லுக்கட்டினேன். அவிழவில்லை. செம்பு காந்தத்தில் ஒட்டாது என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வர, படித்தவனுக்கே உரிய தைரியத்தோடு அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆணி நினைவுக்கு வரவில்லை.

டெக்னீஷியன் கேட்டார்: "பேஸ்மேக்கர், பிளேட், ஸ்க்ரூ, மோதிரம்? அரணாக்கயிறுல வெள்ளி, தாயத்து?"

"தாயத்தா? எங்க மாமாவா?" மச்சான் சிரித்தான். "அதுக்கு எதிரா மைக் புடிச்சிப் பேசுற ஆளுண்ணே இவுரு."

"எதுவும் இல்ல" என்றேன்.

வெளியறையில் படுக்க வைத்தார்கள். உள்ளே யாருக்கோ ஸ்கேன் முடியும் தறுவாயில் இருந்தது. சுவரைச் சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம். மயக்க டாக்டர் இளவயதுப் பெண். கையில் ஊசி ஏற்றி, பால்போல் வெள்ளையான மருந்துள்ள சிரிஞ்சைப் பொருத்தினார்.

"மெஷின் ஓடாதப்பவும் காந்தம் இழுத்துக்கிட்டேதான் சார் இருக்கும். சின்ன இரும்புன்னாலும் விடாது. முழிச்சிருக்கிறவங்க அது சூடாகிச் சுட்டா கத்துவாங்க. நீங்க தூங்கிடுவீங்க, சொல்ல முடியாது. அதான் கடைசியா ஒரு தடவ கேக்குறேன். உடம்புல ஏதாவது இருக்கா?"

இரும்பு என்றதும் ஆணி நினைவுக்கு வந்தது. மச்சானைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கட்டை விரலை சிரிஞ்சின் மேல் வைத்தார். உள்ளே சத்தம் நின்றது. அடுத்தது நான்.

"நில்லுங்க!" கத்தியது நான்தான் என்று தெரியக் கொஞ்சம் நேரம் ஆனது. "இருக்கு. தாயத்து. உள்ள ஆணி."

அவர் விரலை எடுத்தார். திட்டவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, தாயத்தைத் தட்டில் போட்டு வெளியே கொண்டுபோனாள். டாக்டர் எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்: கட்டுப்பல் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், தண்ணீர் எப்போது குடித்தேன். கேட்காததற்கும் உண்மையைச் சொன்னேன்.

கண் விழித்தபோது படம் எடுத்து முடிந்திருந்தது. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன்தான், கால் தப்பிக்கும் என்றார் எலும்பு டாக்டர்.

வரும் வழியில் காரில் மச்சானிடம் கெஞ்சினேன். "தாயத்து விஷயம் ஊர்ல தெரிய வேணாம்டா."

"இன்னாத்த தெரிய வேணாம்?" என்றான் அவன். "மோட்டார் கொட்டாயில துண்டு கட்டிக் குளிக்கிறப்பவே எல்லாரும் பாத்தாச்சு. நீ உள்ள போயி கழட்டிட்டு வந்துட்டேன்னு இல்ல நெனச்சேன்! அன்னிக்கி உன் பேச்சுக்கு கைதட்டினானுங்களே மாமா, அதுல மூணு பேரு உன்னப் பாத்துட்டுதான் செல்லிப்பட்டு போயி கட்டிக்கினு வந்தானுங்க."