பார்த்தேன் என்று சொன்னவன்

நான் சூசையண்ணனைப் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்று சொன்னேன். பொலிஸிலும் சொன்னேன், ஊரிலும் சொன்னேன், கடைசியில் அவருடைய முகத்துக்கு நேரேயும் சொன்னேன். அது பொய்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்த ஒரு முகத்திடம் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

நான் வேன் சாரதி. அதாவது, சாரதியாக இருந்தவன். நாவற்குடாவில் வீடு. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்பவர்களைக் காலையில் ஏற்றிப்போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து அவரவர் சந்தியில் இறக்குவது என் தொழில். இடைப்பட்ட பகல் முழுவதும் காத்திருப்புத்தான். மற்றச் சாரதிகள் சீட்டு விளையாடுவார்கள். நான் நூலகத்துப் புத்தகங்களை வாசித்துத் தள்ளினேன். என் தமிழில் கொஞ்சம் புத்தக வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவு மோட்டார் சைக்கிளில் வரும்போது, வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்தேன். ஹெல்மெட் என் தலையில் இருக்கவில்லை, பெற்றோல் டாங்கியின் மேல் இருந்தது. பொலிஸைக் கண்டால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற கெட்டித்தனம்! மண்டைக்குள் இரத்தம் கட்டிவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பல நாட்கள் நினைவில்லாமல் கிடந்து எழும்பினேன்.

பேச்சு வந்தது. நடை வந்தது. மனைவி ரெஜினாவின் பெயரும் ஒருவாறு வந்தது. அதற்குச் சுணங்கியதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வராமல் போனது ஒன்றுதான். என் இடப்பக்கம்.

கண்ணில் பழுதில்லை. கண் கொண்டுபோய்க் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் மூளையில்தான் பழுது. இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இருட்டாக இருந்தால் அங்கே ஏதோ மறைந்திருக்கிறது என்றாவது தெரியுமே! எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இல்லை என்பதும் தெரிவதில்லை.

சாப்பாட்டுக் கோப்பையில், அதாவது தட்டில், வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவேன். ரெஜினா கோப்பையை அரைவட்டம் திருப்பி வைப்பாள். புதுச் சோறு போட்டுவிட்டாள் என்று நினைத்து மறுபடியும் தின்பேன். புத்தகத்தில் வரிகளின் தொடக்கம் காணாமல் போய்விடும். இப்போது இதை எழுதும்போதும் தாளின் இடது ஓரத்தில் ஒரு விரலை வைத்திருக்கிறேன். விரல் தட்டுப்படும்வரை கண்ணைக் கொண்டுபோக வேண்டும் என்பது நானே கண்டுபிடித்த வைத்தியம்.

வீட்டில் இருந்த அந்த மாதங்களை என்னால் தாங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிஸ்கற் பெட்டியோடு ஒரு சொல்லையும் கொண்டுவந்து தந்தார்கள். “பாவம்.” எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். வேனை ஓட்டும்போது நான் ஒருவன். கதிரையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நான் யார்? யோசித்துப் பாருங்கள்... தொழிலைத் தவிர வேறெதிலும் என்னை நானே மதித்தது கிடையாது.

அதனால் கோப்பையை நானே திருப்பக் கற்றுக்கொண்டேன். ரெஜினா அந்தப்பக்கம் பார்க்கும்போது திருப்பிவிடுவேன். சோறு முழுவதும் முடிவதைக் கண்டு அவள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்!

கிளினிக்கில் டொக்டர் என் முன்னால் இருந்து, இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்து, “என்ட மூக்க மட்டும் பாருங்க. எந்தப் பக்கத்து விரல் ஆடுதெண்டு சொல்லுங்க” என்றார். வலப்பக்கம் ஆடியது எனக்குத் தெரிந்தது. வலப்பக்கம் ஆடாதபோதெல்லாம் “இடது” என்றேன். எவ்வளவு சுலபமான களவு! ஆனால் அவர் விடவில்லை.

“எனக்கு இதில முழுசாத் திருப்தி இல்ல. மிசின்ல ஒருக்கா வடிவாப் பாக்க வேணும். அதுக்குப் பிறகுதான் வாகனத்தில கை வைக்க வேணும், சரியா?”

“ஓம் டொக்டர்” என்றேன். வீட்டுக்கு வந்து, “டொக்டர் வேன் ஓடலாமெண்டு சொல்லிட்டார்” என்றேன். ஹோட்டலிலும் அதையே சொன்னேன். மிசினுக்கு நான் போகவே இல்லை. என் பொய்களில் முதலாவது இதுதான்.

மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்த அன்று எனக்கு அழுகை வந்தது. ஏறியவர்கள் கை தட்டினார்கள். கழுத்தை ஓயாமல் இடப்பக்கம் திருப்பித் திருப்பி ஓட்டினேன். “என்ன டிரைவர் அண்ணன், இடப்பக்கத்து வீடுகள்ல ஆருக்கும் பொம்புள பாக்கிறீங்களா?” என்று பகிடி பண்ணினார்கள். நானும் சிரித்தேன். முன் இருக்கையில் யாராவது இருந்தால் எனக்குத் தைரியம். அவர் திடுக்கிட்டுச் சத்தம் போட்டால் நான் பிரேக்கை மிதிப்பேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அப்படித்தான் தப்பினேன். ஒன்றும் நடக்காமல் போன ஒவ்வொரு நாளும் எனக்கு நற்சான்றிதழாகிவிட்டது.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் மாலை எல்லோரையும் இறக்கிவிட்டு, வெறும் வேனோடு வீட்டுக்கு வந்தேன். வாவிக்கரை வீதியிலிருந்து எங்கள் வீடு இருக்கும் சிறிய ஒழுங்கைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். வீடு வந்துவிட்டது என்ற எண்ணத்தில் கழுத்தைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன்.

ஒரு வாளி உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. யாரோ வாளியைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்... அப்படித்தான் நினைத்தேன், நம்புங்கள். இறங்கிச் சுற்றிவந்து பார்த்தபோது சூசையண்ணன் கிடந்தார். சைக்கிள் அவர்மேல். வீச்சுவலை சில்லில் சுற்றியிருந்தது. அவர் வாவியில் பிடித்த மீன்கள் மண்ணில் துடித்துக்கொண்டிருந்தன.

சூசையண்ணன் எங்கள் ஒழுங்கையில் கடைசி வீட்டுக்காரர். நல்ல தொழிலாளி, ஆனால் குடிப்பார். வாவியிலிருந்து வரும் வழியில் கள்ளுக்கு ஒதுங்காத நாள் குறைவு. ஓடிவந்தவர்களில் ஒருவர் சொன்னார்: “இண்டைக்கும் போட்டுட்டுத்தான் வந்திருக்கார் போல.”

எனக்கு ஒரு கதவு திறந்தது. நான் நுழைந்துவிட்டேன்.

“ஆடி ஆடி வந்து வேனுக்குள்ள விழுந்திட்டார். நான் பாத்தன்” என்றேன்.

யார் என்னைக் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை! கேட்காமலே சொன்னேன். பிறகு பொலிஸில் கேட்டார்கள். அங்கேயும் அதையே சொன்னேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் மனைவி பிலோமினா அக்காவே தலையில் அடித்துக்கொண்டு, “குடியால வந்த வினை தம்பி, உங்களயும் வருத்தத்தோட அலைய வச்சிட்டாரே!” என்று என்னிடம் அழுதார்.

அன்றிரவு கோப்பையைத் திருப்ப மறந்துவிட்டேன். இடது பாதிச் சோறு அப்படியே இருந்தது. ரெஜினா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பையை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவள் அதுபற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்... சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அன்றிலிருந்து என் சோற்றை வலப்பக்கம் ஒதுக்கியே போடுகிறாள்.

இனித்தான் உங்களிடம் சொல்லக் கூசுகிற இடம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் முழங்காலில் தகடு வைத்துக் கட்டிச் சூசையண்ணனைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனேன். போகாவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்றுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எனக்கு அந்த நேரம் ஒண்டும் ஞாபகத்தில இல்ல மனே. அண்டைக்கு நான் தொடவே இல்ல எண்டுதான் மனசு சொல்லுது. மீன் நிறையப் பட்டிச்சு, நேரே வீட்ட போவம் எண்டு வெளிக்கிட்டதுதான் தெரியும். ஆனா குடிகாரன்ட மனசு சொல்லுறத ஆர் நம்புற? எனக்கே நம்பிக்கை இல்ல. நீ கண்ணால பாத்தாய்தானே? நான் ஆடித்தானே வந்தன்?”

ஊரில் உள்ள எல்லாக் கண்களையும் விட்டுவிட்டு அவர் என் கண்ணிடம் வந்து கேட்டார்! அவர் நிதானமாக இருந்தார் என்பதற்கு ஒரே சாட்சி அவர் மனசு. அதையும் எனக்காக விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். ஒரு சொல் போதும்... “இல்லை அண்ணன், நான் பார்க்கவில்லை.” அவ்வளவுதான்.

“ஓம் அண்ணன், பாத்தன்” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்ப சரி” என்றார். அவருக்குள் ஏதோ முடிந்துபோனது. முடித்து வைத்தவன் நான்.

நான் வேனை விட்டுவிட்டேன். கை நடுங்குகிறது என்று காரணம் சொன்னேன். அதற்கும் எனக்குப் புகழ்தான் கிடைத்தது! தன் பிழை இல்லாமலே மனம் உடைந்துபோன நல்ல மனிதன் என்றார்கள். ஹோட்டலில் துணி மடிக்கும் இடத்தில் வேலை தந்தார்கள். இப்போது இன்னொருவர் ஓட்டும் அதே வேனில், பின் இருக்கையில் போய்வருகிறேன்.

சூசையண்ணனின் முழங்கால் மடங்கவில்லை. தோணியில் நின்று வலை வீச அவரால் முடியாது. மற்றவர்கள் பிடித்துவரும் மீனைச் சந்தியில் வைத்து விற்கிறார். ஆனால் அன்றோடு குடியை விட்டுவிட்டார். ஒரு சொட்டும் இல்லை. பிலோமினா அக்கா எனக்காகச் செபிக்கிறார். கோவில் வாசலில் குடிக்கிற யாரையாவது கண்டால் அண்ணன் என்னையும் இழுத்து நிறுத்திக்கொண்டு சொல்வார்: “என்னப் பாத்துத் திருந்துங்கடா. நான் விழுந்த கோலத்த இந்தத் தம்பி கண்ணால கண்டவர். கேளுங்க!” அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டுகிறேன். பழைய பொய் ஒன்றல்ல இது, வாசலுக்கு வாசல் புதிதாகப் பிறக்கிற பொய்!

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா என்று நீங்கள் கேட்கலாம். “பொய் சொன்னேன் பாதர்” என்று மொத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சொல்வதுதானே! பாதரும் எல்லோருக்கும் கொடுக்கிற செபத்தைத்தான் கொடுத்தார். அதையும் சொல்லி முடித்தேன். அந்த ஏமாற்றும் என் கணக்கில்தான் நிற்கிறது.

உண்மையைச் சொன்னால் அவர் மறுபடி குடிக்கத் தொடங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிலோமினா அக்காவின் நிம்மதி கெட்டுவிடும் என்கிறேன். நல்ல காரணங்கள்... மிக நல்ல காரணங்கள்! ஆனால் அவர் ஒரு நாளும் குடிக்காதவராக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? இல்லை. அப்போது வேறொரு நல்ல காரணம் கிடைத்திருக்கும். எனக்குப் பயம். “பாவம்” என்ற சொல்லுக்குப் பயந்தவன், அதைவிட மோசமான சொல்லுக்குப் பயப்படாமல் இருப்பேனா?

அவர் மனசு சொன்னபடி அவர் நிதானமாகத்தான் வந்தார். அது அவருடைய சொத்து. நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடந்து வருவோம். அவர் எப்போதும் என் இடப்பக்கம். ஏன் என்று தெரியாது, அவருக்கு அதுதான் பழக்கம். எனக்கு அவர் தெரிவதில்லை. அவர் பிடித்து நடக்கும் பொல்லு தார் வீதியில் ஊன்றும் சத்தமும், காலை இழுக்கும் சத்தமும் மட்டும் கூடவே வரும்.

போன ஞாயிறு அந்தச் சத்தம் நின்றது. நானும் நின்றேன்.

“தம்பி, ஒண்டு கேக்கட்டா? நான் கதைக்கக்குள்ள நீ என்ட முகத்தப் பாக்கிறாயே இல்ல. எவ்வளவு நாளாக் கவனிக்கிறன்.” குரல் தயங்கியது. “உன்ட தொழிலயும் கெடுத்துப்போட்டன். இன்னும் என்னில கோவமா மனே?”

கழுத்தை முழுவதுமாகத் திருப்பினேன். அவர் தெரிந்தார். நரைத்த தாடி, வெயிலில் வியர்த்த நெற்றி, என் பதிலுக்காகக் காத்திருக்கும் கண்கள். வீதியில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இனி எனக்குக் கிடைக்காது.

“கோவம் ஒண்டும் இல்ல அண்ணன்” என்றேன்.

“உண்மையா மன்னிச்சிட்டியா?”

“ஓம் அண்ணன்.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். என் தோளைத் தட்டினார். பொல்லை ஊன்றி, முன்னைவிடச் சற்று வேகமாக நடக்கத் தொடங்கினார்.