எல்லை தாண்டிய மிஸ்டு கால்

1. "ரோமிங் ஃப்ரீதான்"

நேபாள எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "மேனேஜர் சார், என் போன்ல டவரே இல்ல!" அடுத்த நிமிடம் பஸ் முழுக்க அதே பேச்சு. நாற்பது பேரிடமும் போன் இருந்தது, ஒன்றில்கூட டவர் இல்லை. என் போனை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து யாத்திரை டூர் அழைத்துப் போவதுதான் இருபது வருடமாக என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ரயில் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பார்கள், சமையல் மாஸ்டரைப் பற்றிக் கேட்பார்கள். போனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதுவரை காசி, கயா, ஹரித்வார் என்று சுற்றியவன் நான். நேபாளத்தில் இருக்கிற முக்திநாத் எனக்கே முதல் தடவை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் டூருக்குப் பணம் கட்டிய பார்ட்டிகளை எல்லாம் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து விவரம் சொன்னோம். ஆண்டிமடத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, அங்கேருந்து போன் பேசுனா கூடக் காசு புடிப்பானா?" என்று கேட்டார்.

"ரோமிங்லாம் இப்ப ஃப்ரீதாங்கய்யா. ஈசி மட்டும் போட்டுட்டு வாங்க, எங்க போனாலும் பேசலாம்" என்றேன், பெரிய விவரஸ்தன் மாதிரி. எங்கள் பக்கம் ரீசார்ஜுக்கு ஈசி என்றுதான் பெயர்.

நான் சொன்னது இந்தியாவுக்குள் சரி. ஆனால் நேபாளத்தை ஆந்திராவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு மாநிலம் போல நினைத்துவிட்டேன். அந்த நாட்டில் நம் சிம் வேலை செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டு ரோமிங் பேக் என்று தனியாக ரீசார்ஜ் போட வேண்டும். விலையும் கூட. அத்தனை பேரும் என் பேச்சைக் கேட்டுச் சாதாரண ஈசி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

2. காலையில் வந்த போன்

மற்றவர்கள் சத்தம் போட்டார்கள், சமாளித்தேன். உடையார்பாளையம் தனலட்சுமி அக்கா சத்தமே போடவில்லை. கையில் பட்டன் போனை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் ரேவதிக்குத் தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. "அதுக்குள்ள நீ வந்துடலாம், போயிட்டு வாம்மா" என்று மகளே வற்புறுத்தி அனுப்பியிருந்தாள். அன்று காலை கோரக்பூரில் நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை செந்திலிடமிருந்து போன் வந்தது. வலி எடுத்துவிட்டது, அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அதுதான் கடைசித் தகவல். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. பாதி நேரம் வழியில் சிக்னல் இல்லை, மீதியை எல்லையில் பஸ்ஸுக்கான பர்மிட் சீட்டு சாப்பிட்டுவிட்டது; அங்கிருந்து அக்கா அடித்தபோது யாரும் எடுக்கவில்லை.

"நீங்க பேசலாம்னு சொன்னதாலதான் வண்டியில ஏறுனேன், தம்பி" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பைரவா என்ற ஊரில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். மெயின் ரோட்டிலேயே ஒரு போன் கடை இருந்தது. எனக்குத் தெரிந்த இந்தி டீ வாங்கத்தான் காணும். பாஸ்போர்ட்டைக் காட்டி, காதில் கை வைத்துக் காட்டி, ஒரு நேபாள சிம் வாங்கினேன். விலை நான் பயந்ததில் பாதிகூட இல்லை. நெட் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும், பேசலாம் என்றார் கடைக்காரர். எனக்குப் பேசினால் போதும்.

3. மாப்பிள்ளையின் உஷார்

செந்தில் நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது, கட் ஆனது. மறுபடி அடித்தேன், மறுபடியும் கட். மூன்றாவது தடவை ரிங்கே போகவில்லை.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. செந்தில் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர், விவரமான ஆள். தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கக் கூடாது என்று எங்கேயோ கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். 977 என்று ஆரம்பிக்கும் நம்பரைப் பார்த்ததும் இரண்டு தடவை கட் பண்ணி, மூன்றாவது தடவைக்குள் பிளாக் பண்ணிவிட்டார்.

எனக்கு அது தெரியாதே. எஸ்எம்எஸ் அனுப்பினேன். "நான் டூர் மேனேஜர். அவசரம். உடனே போனை எடுக்கவும்." அதுவும் அவருக்குப் போகவில்லை. போயிருந்தாலும் திருட்டுப் பயல் அனுப்பும் மெசேஜ் மாதிரிதான் இருந்திருக்கும்.

மகள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். முழு ரிங் போய் நின்றது. எடுக்கவில்லை. தனலட்சுமி அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இங்க குடுங்க தம்பி, நான் அடிக்கிறேன்" என்று போனை வாங்கினார்.

"யாரு அடிச்சாலும் இதே நம்பர்தானக்கா போகும்?"

"குடுங்க."

மகள் நம்பரைப் போட்டார். இரண்டு ரிங் போனதும் கட் பண்ணினார். மறுபடி போட்டு, ஒரே ஒரு ரிங்கில் கட் பண்ணினார். எனக்கு எரிச்சலாக வந்தது. "முழுசா அடிங்கக்கா, மிஸ்டு கால் குடுத்து என்ன பண்றது?" என்றேன்.

"முந்திரிக்காட்டுக்கு வேலைக்குப் போவேன்ல, அப்பலேருந்து இப்புடித்தான் அடிப்பேன். ரெண்டு ரிங்குன்னா அம்மா. பின்னால ஒண்ணு வந்தா அவசரம், பேசணும்னு அர்த்தம். அவ பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்து பழக்கம்."

மூன்றாவது முறை அடித்தார். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா! எங்கம்மா போன? உன் போனு சுவிட்ச் ஆஃப்னே வருது!"

"எனக்கு ஒண்ணுமில்லடி. நீ எப்புடி இருக்க?"

"பொண்ணும்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இவரு எடுக்காத, ஃப்ராடு காலுன்னு கத்துறாரு. ரெண்டும் ஒண்ணும் அடிச்சதும் நாந்தான் புடுங்கி எடுத்தேன்."

பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் மாப்பிள்ளை, "சாரி அத்த, சாரி அத்த" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தனலட்சுமி அக்கா கடைப் படியிலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார். என் மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்த மூட்டையைத் தூக்கி வைத்ததே நான்தான் என்பது வேறு விஷயம். விவரம் புரியாமலேயே கடைக்காரர் எங்களுக்கு டீ சொன்னார்.

அதன் பிறகு அந்த ஒரு சிம்மே நாற்பது பேருக்கும் போதுமானதாக இருந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம் வீட்டுக்குப் பேசி, "இதுதான் நம்ம நம்பரு, தெனம் சாயந்திரம் ஒரு மிஸ்டு கால் வந்தா நல்லா இருக்கோம்னு அர்த்தம்" என்று சொல்லி வைத்தார்கள். மிஸ்டு காலுக்கு எந்த நாட்டிலும் காசில்லை. முக்திநாத் வரைக்கும் அப்படியே ஓட்டினோம்.

4. இப்போது செய்வது

நாடு தாண்டும் டூர் என்றால் இப்போது மண்டபத்துக் கூட்டத்தில் போன் பேச்சுதான் முதலில். அந்த நாட்டு வண்டிக்காரரிடம் சொல்லி இரண்டு சிம் முன்கூட்டியே வாங்கி வைப்பேன். அதை வாங்கின கையோடு என் நம்பரிலிருந்து எல்லா வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் நம்பர் போய்விடும், எல்லை தாண்டுவதற்கு முன்னாலேயே. கடைசியாக ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்பேன்: "உங்க வூட்டுல மிஸ்டு கால் எப்புடி அடிப்பீங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கிறது. அதைப் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதை அன்றோடு விட்டேன்.

போன மாதம் என் போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு நம்பர். இரண்டு ரிங், கட். பிறகு ஒரு ரிங், கட். மறுபடி அடித்ததும் எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றேன்.

"எப்புடி தம்பி கண்டுபுடிச்சீங்க?" தனலட்சுமி அக்காவேதான். "சிலோன்ல கதிர்காமம் வந்துருக்கோம். எறங்குன எடத்துலயே இந்த ஊரு சிம்மு வாங்கிட்டேன்."

"கதிர்காமமா? எங்க டூர்ல அது இல்லையே. யாரு கூடப் போனீங்க?"

"வேற ஒருத்தரு கூட. கோவிச்சுக்காதீங்க. அந்த மேனேஜரு, ரோமிங் ஃப்ரீன்னாரு. நாந்தான் எந்திரிச்சு, இல்லன்னு பஸ்ல எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன்."