மாடிப்படி ஆர்க்கிட்டும் ஒரு ஜெபக்கூட்டமும்

மழையில் நனைந்த அடுப்புக்கரியும் தேங்காய் நாரும் உடைந்த ஓட்டுச் சில்லும் ஒன்றாக ஊறினால் ஒரு வாசனை வரும். அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படிதான் நினைவுக்கு வருகிறது. அதன் திருப்பத்தில், மண்ணுக்குப் பதில் இவற்றையே நிரப்பிக் கம்பியில் தொங்கவிட்ட ஆர்க்கிட் தொட்டியும், அதன் கீழே கையில் தெளிப்பானோடு பெரிய தாவரவியல் மேதையைப் போல நின்ற நானும். மேதைக்கு அப்போது எட்டாம் வகுப்பு. அறிவியலில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

செடி, மாடியில் இருந்த வீட்டுக்காரர் ஸ்டெல்லா ஆன்ட்டியுடையது. மகள் கல்யாணமாகி அமெரிக்கா போகும் முன் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. அந்த மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க ஆன்ட்டி கிளம்பியபோது, இட்லிப்பொடி முதல் பிரசவ லேகியம் வரை பெட்டியில் திணித்துவிட்டு, திணிக்க முடியாத இந்த ஒன்றை மட்டும் என்னிடம் ஒப்படைத்தார்.

"டேய், உங்க அங்கிளை நம்ப முடியாது. நீதான் பாத்துக்கணும். நான் வர்றப்ப இது உசுரோட இருக்கணும், ஆமா."

அந்த ஐப்பசி மழை விடாமல் அடித்ததில் சாரல் படிக்கட்டு வரைக்கும் வந்தது. செடியின் அடித்தண்டு மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் அழுகிய வாழைப்பழம் மாதிரிக் குழைந்தது. அப்போதுதான் ஒரு பழைய தண்டின் மேல் கணுவில், பூ வரவேண்டிய இடத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குட்டிச்செடி முளைத்து, வெள்ளை நூல் போல வேர்களைக் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஆன்ட்டியின் கணவர் டேனியல் அங்கிள், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அதற்கு "பாப்பா" என்று பெயர் வைத்தார். நர்சரியில் விசாரித்துக்கொண்டும் வந்தார். வேர் ஒரு விரல் நீளமாவது வளர்ந்தால்தான் பாப்பாவைத் தாயிடமிருந்து பிரிக்கலாமாம். அதற்குள் அழுகல் மேலேறி அந்தக் கணுவைத் தொட்டுவிட்டால் இரண்டும் போச்சு.

எங்கள் போர்வெல் தண்ணீர் வாளியையே வெள்ளையாக்கும் உப்பு. ஆகவே மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, பாப்பாவின் வேரைச் சுற்றி நாரைப் பஞ்சாகப் பிரித்துக் கட்டி, பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் தெளித்தேன். கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள்கூட அவ்வளவு பவ்யமாகத் தெளித்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் அழுகல் பாதித் தண்டைத் தாண்டியிருந்தது. ஆனால் பாப்பாவின் வேரும் நாரைத் துளைத்து வெளியே வந்து பச்சை முனை காட்டியது. அங்கிளுக்குக் காது மந்தம். படியில் நின்றபடியே தெருவுக்குக் கேட்கக் கத்தினேன்: "அங்கிள்! தாய் தேறாது! பாப்பாவ மட்டும் காப்பாத்திடலாம்!"

வாசலில் இஸ்திரி வண்டிக்கார வள்ளி அக்கா, பெட்டியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை. மேதைகள் தெருவைக் கவனிப்பதில்லை.

சாயங்காலம் வந்தால் மாடி முழுக்கச் செருப்பு. சர்ச்சிலிருந்து ஜெபக்குழுப் பெண்கள் பன்னும் ஆப்பிளுமாக வந்து, முக்காட்டுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாரக் கூட்டம் நம் வீட்டு முறை போலிருக்கிறது என்று நினைத்த அங்கிள், உற்சாகமாக "ஆமென்" போட்டுக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்ததும் குழுவில் மூத்தவரான ரோஸி டீச்சர் அவர் கையைப் பிடித்து, காதருகே குனிந்து, "தாய்க்கு ஒண்ணும் ஆகாது பிரதர். தைரியமா இருங்க" என்றார்.

அங்கிள் முகம் மலர்ந்தது. ஒரு செடிக்காகவா இத்தனை பேர்! "போனாப் போவுது சிஸ்டர். பாப்பா கெடைச்சா போதும். தாய் வேற ஒண்ணு பல்லாவரம் சந்தையில வாங்கிக்கலாம்."

ரோஸி டீச்சர் பிடித்திருந்த கையை விட்டார்.

"இன்னா மனுசன்யா நீ! பெத்த பொண்ணு உசுருக்குப் போராடினு கீது, சந்தைல வாங்குவியா?" என்றார் கதவோரம் நின்ற வள்ளி அக்கா.

காலையில் நான் கத்தியது யார் காதில் விழுந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் தொட்டியைக் கழற்றி வந்து நடுக்கூடத்தில் தூக்கிப் பிடித்தேன். "டீச்சர், இதான் தாய். இது பாப்பா."

"அடப் பேமானி! ஒரு செடிக்காடா காலைலேர்ந்து அழுதுகினு கீறேன்?"

ரோஸி டீச்சருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கொண்டுவந்த ஆப்பிளைத் திரும்ப எடுத்துப் போவது முறையில்லை என்று நானே பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொன்னேன்.

அமெரிக்காவில் பிரசவம் நல்லபடியாக ஆயிற்று, தாயும் சேயும் நலம். இங்கே சேய் மட்டும். ஆன்ட்டி திரும்பி வந்து, உள்ளங்கையில் அடங்கும் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் விட்டுட்டுப் போனது இது இல்லையேடா," என்றவர், இலையைத் தடவிவிட்டு, "சரி, அவ குடுத்ததோட உசுருதானே" என்றார்.

அந்த வீடு இப்போது அடுக்குமாடி. அங்கிளும் ஆன்ட்டியும் அமெரிக்காவுக்கே போய் மகளோடு இருந்துவிட்டார்கள். போகும்போது தொட்டி என் கைக்கு வந்தது. அதன் வாரிசுகள் செலையூரில் என் பால்கனியில் பூக்கின்றன. இங்கே யார் என்ன கத்தினாலும் எந்தக் கதவும் திறப்பதில்லை. போன வாரம் ஒரு பாப்பாவைப் பிரித்துத் தொட்டியில் வைத்து, இதுவரை பெயர்கூடத் தெரியாத எதிர்வீட்டில் மணி அடித்தேன்.

"கொரியரா? கீழ வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

நானா விடுவேன்? மறுபடி அடித்தேன். "கொரியர் இல்லீங்க. எதிர்வீடு. எங்க வீட்ல பாப்பா பொறந்திருக்கு!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.