கட்டிப்போட்ட கப்பல்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தார்கள். ஏ.சி. தண்ணீர் ஒழுகித் தரைக் கம்பளம் ஊறிப்போயிருந்தது. கதவைத் திறந்ததும் அடித்த அந்த வாடை எனக்குப் பழக்கமானது. மூன்று வருஷம் அதில்தான் தூங்கினேன், ஒரு போர்த்துகீசியக் கப்பலில்.

உடனே பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கப்பல் என்னவோ பெரியதுதான். லிஸ்பனிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஆள் ஏற்றிப் போனது. நடன மண்டபம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. அங்கோலாவில் சண்டை வந்ததும் பட்டாளத்துப் பையன்களை ஏற்றியதாம். காலனிகள் கைவிட்டுப் போனபின் ஏற ஆளில்லை, விற்றுவிட்டார்கள். நான் பார்க்கும்போது சவுதித் துறைமுகம் ஒன்றில் வடம் போட்டுக் கட்டியிருந்தது. கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் விடுதி. எனக்கு லாண்டரியில் வேலை. நாளெல்லாம் படுக்கை விரிப்பு துவைக்க வேண்டும்.

சங்கராபுரத்துப் பக்கம் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனக்காரர் என் அப்பா. அவருக்குப் போய், ஊரான் துணி துவைக்கிறேன் என்று எழுத முடியுமா? அந்த வீம்பை இன்று நினைத்தால் கூசுகிறது. கப்பலில் வேலை என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லையே. கப்பல் இப்போது எங்கே போகிறது என்று அப்பா அக்காவை விட்டுக் கேட்டு எழுதினார்.

என்னோடு வேலை பார்த்த கோவாக்காரன் ஒருவன் அந்தக் கப்பல் ஓடிய காலத்திலேயே அதில் இருந்தவன். அவன் சொன்ன ஊர்களை வரிசையாக எழுதினேன். லுவாண்டா வந்துவிட்டோம். கேப் டவுனில் குளிர். அடுத்தது மொசாம்பிக். எல்லாக் கடிதத்திலும் ஒரே சவுதி ஸ்டாம்ப், யார் பார்த்தார்கள்! அக்கா படித்துக் காட்டுவாள். அப்பா கல்வராயன் மலைப் பக்கம் கைநீட்டி, ஆப்பிரிக்கா அந்தத் திசைதான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வாராம். எனக்கும் எழுத எழுத ருசி கண்டுவிட்டது.

லிஸ்பனுக்குத் திரும்புகிறோம், இனி ஒரு மாதம் கடல்தான் என்று நான் எழுதிய சமயம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு கம்பெனி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரே பிள்ளை நான் இருக்க, கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். ஊருக்கு ஓடிவந்து, ஏன் தந்தி அடிக்கவில்லை என்று அக்காவிடம் சண்டைக்கு நின்றேன்.

"நடுக்கடல்ல போய்க்கினு இருக்கறவனுக்கு தந்தி எங்கடா அடிக்கறது? அப்பாதான் வாணாம்னாரு. கப்பல நடுவுல நிறுத்த முடியுமா, புள்ள இன்னா பண்ணுவான், கரைக்கு வந்து தெரிஞ்சிக்கட்டும்னாரு."

தந்தி கிடைத்திருந்தால் நாலைந்து நாளில் வந்து முகம் பார்த்திருப்பேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் கப்பல் பிறகு இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் குஜராத் கரையில் இழுத்துப்போட்டு உடைத்துவிட்டார்களாம். பேப்பரில் பார்த்து அக்காவிடம் சொன்னேன். எவ்வளவு ஊர் சுற்றிய கப்பல், அப்பா இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார் என்றாள். நான் இருந்த மூன்று வருஷமும் அது ஓரடிகூட நகரவில்லை என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை. போன தையில் அக்காவும் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.