சும்மா கிடந்த சுவர்

நீலம் சற்றுத் தூக்கலாகக் கலந்த சுண்ணாம்பு வெயிலில் காயும்போது ஒரு காட்டமான வாசனை வரும். அப்பா எங்கள் வீட்டு மதிலுக்கு வெள்ளையடித்த அன்று அந்த வாசனை மூக்கில் ஏறியவர்கள் யாரும் "எதுக்குங்க அடிச்சீங்க?" என்று கேட்கவில்லை. "யாருக்குங்க குடுத்தீங்க?" என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் அது தேர்தல் காலம். எழுபதுகளில், கேரள எல்லைக்குள் தமிழும் புழங்கும் எங்கள் முதலமடைப் பக்கத்தில் தேர்தல் நேரத்தில் ஒருவன் தன் மதிலை வெளுத்துவிட்டால், அதை ஏதோ ஒரு கட்சிக்குத் தாரை வார்த்துவிட்டான் என்றுதான் பொருள். கட்சிக்காரர்கள் சுவரைக் கேட்டு வாங்கி, வெள்ளை பூசி, மூலையில் "புக்டு" என்று எழுதிவைத்துவிடுவார்கள். வேட்பாளர் யார் என்பது அதற்குப் பிறகுதான் அவர்களுக்கே தெரியவரும்.

இதெல்லாம் தெரிந்தும் அப்பா வெள்ளையடித்ததற்குக் காரணம் என் அக்கா சரசு. அவளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை கொழிஞ்சாம்பாறையிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயிருந்தன. அவற்றுக்காக அக்கா ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. ஆனால் இந்த மாப்பிள்ளையைத் தேர்த் திருவிழாவில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு, "செரி" என்று அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் இடம் இதுதான்.

சிக்கல் மாப்பிள்ளை வீட்டில் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் குடைச் சின்னம். அவர் சொல்லைக் காட்டிலும் எடை கூடிய தாய்மாமன் படகுச் சின்னம். போன தேர்தலில் முறைத்துக்கொண்டவர்கள் இன்னும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. இருவரும் ஒரே காரில் வருவதாகத் தகவல்.

அந்தச் சின்னங்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். அங்கே குடைக்கு வோட்டுக் கேட்டார்கள். ஆற்றில் மணல்தான் ஓடும். அங்கே படகுக்கு வோட்டுக் கேட்டார்கள். பதினோரு வயதில் என்னை நானே பெரிய கலா ரசிகனாக நியமித்துக்கொண்டிருந்தேன். ஊர்ச் சுவர்களைச் சுற்றிவந்து, குடைக்காரர்களின் எழுத்து சோற்றுக் கற்றாழை மாதிரி விறைத்து நிற்கிறது, படகுக்காரர்களின் எழுத்தில்தான் வளைவும் நெளிவும் உண்டு, ஆகவே படகு ஜெயிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். இரண்டையும் எழுதுவது பெயின்டர் குட்டன் ஒருவனே என்பதும், காலையில் குடை, மாலையில் படகு என்று அவன் முறைவைத்திருந்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. மாலையில் கள்ளுக்கடைக்குப் போய்வந்து எழுதியதால் விளைந்ததாம் அந்த வளைவும் நெளிவும்.

எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு அன்று போனதுதான். பேப்பர்களும் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆறுச்சாமியின் டீக்கடைக்கு பாலக்காட்டிலிருந்து ஒரு மலையாளப் பேப்பரும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பேப்பரும் வரும். குடைக் கட்சிக் கூட்டத்தை ஒன்று "மக்கள் வெள்ளம்" என்று எழுதியது. இன்னொன்றில் அப்படி ஒரு கூட்டம் நடந்ததாகவே இல்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வெள்ளத்தில் பாதி, காகிதக் கொடிக்காகப் போன என்னைப் போன்ற அரை டிராயர்கள். அப்பா இரண்டு பேப்பரையும் வரி விடாமல் படிப்பார். படித்து முடித்ததும், "ரெண்டு பேரும் எதையோ மறைக்கறானுக" என்று மடித்துவைப்பார்.

வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் குடைக் கட்சித் தங்கவேலு வந்துவிட்டான்.

"ஏனுங் மாமா, நமக்குத்தானுங்களே?"

"யாருக்கும் இல்லப்பா. புள்ளையப் பாக்க வர்றாங்க, அதுக்கு அடிச்சது."

தங்கவேலு கண்ணைச் சிமிட்டினான். "அப்பிடியே சொல்லுங் மாமா. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்."

அவன் தலை மறைந்ததும் படகுக் கட்சியின் மாதவன் மாஷ் சைக்கிளை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர். "மதில் ஆர்க்கா கொடுத்தது, ஏட்டா?" என்று மலையாளத்தில் அதையே கேட்டார். அப்பா அதே பதிலைச் சொன்னார். மாஷ் மெல்லச் சிரித்து, "மனசிலாயி, மனசிலாயி" என்று புரிந்துவிட்டதாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு என்ன மனசிலானதோ, சாயங்காலம் மதிலின் இடது மூலையில் ஒரு "புக்டு", வலது மூலையில் ஒரு "புக்டு". அப்பா இரண்டின் மேலும் சுண்ணாம்பு இழுத்தார். அவ்வளவுதான், அழிக்கிறான் என்றால் மூன்றாவதாக யாருக்கோ கொடுத்திருக்கிறான் என்று ஊரே முடிவு கட்டியது.

வியாழக்கிழமை குட்டனே வந்து சொன்னான், மறுநாள் காலை எங்கள் மதிலில் எழுத இரண்டு கட்சியும் தன்னிடம் சொல்லியிருப்பதாக. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணை எழுதுனா ஒருத்தரு காரை விட்டு எறங்க மாட்டாரு. ரெண்டையும் எழுதுனா ரெண்டு பேருமே எறங்க மாட்டாங்க. சும்மா உட்டா, இவன் யாருக்குடா ஒளிச்சு வெச்சிருக்கறான்னு கேப்பாங்க."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எருமைக் கட்டுத்தரைக்குப் போனாள். கூடை கூடையாகச் சாணி வந்தது. வெள்ளைவெளேரென்ற அந்த மதில் முழுக்க, ஒரு கை அகலம்கூட இடம் விடாமல், வரட்டி தட்டினாள். "நாளைக்குப் பாக்க வர்றவங்க என்னடி நெனைப்பாங்க?" என்று அம்மா அலறினாள். "எருமை இருக்குதுன்னு நெனைப்பாங்க" என்றாள் அக்கா. காலையில் குட்டன் பிரஷ்ஷோடு வந்து, பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனான்.

கார் வந்தது. தகப்பனார் ஒரு பக்கமும் தாய்மாமன் மறுபக்கமுமாக இறங்கினார்கள். இருவர் கண்ணும் வீட்டின் மேல் விழவே இல்லை, மதிலிலேயே நின்றன. தாய்மாமன் கேட்டார், "எலெக்சன் நேரத்துல வரட்டியா? அடியில என்னத்தையோ மூடியிருக்கறாப்பல தெரியுதுங்களே?" என்று. அப்பாவின் வாயில் பதில் வருமுன் அவர் ஒரு வரட்டியைப் பெயர்த்துவிட்டார். வெறும் வெள்ளை. அவர் ஒன்றைப் பெயர்த்ததால் தகப்பனார் தன் பங்குக்கு நாலடி தள்ளி இன்னொன்றைப் பெயர்த்தார். அங்கும் வெள்ளை. இருவரும் பாதி காய்ந்த சாணியும் கையுமாக நின்று, அடுத்ததைப் பெயர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தார்கள். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது இடமும் போயிற்று என்பது எனக்கே தெரிந்தது.

காப்பி கொடுக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டிய அக்கா, ஒரு சொம்பு தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.

"அடியில ஒண்ணும் இல்லீங் மாமா. எடுத்ததுதான் எடுத்தீங்க, அப்பிடியே திருப்பிப் போட்டுருங். அடிப்பக்கம் காயோணும்."

காருக்குள்ளிருந்து வெடித்துக் கிளம்பியது ஒரு சிரிப்பு. அதுவரை இறங்காமல் இருந்த மாப்பிள்ளைதான். பெரியவர்கள் இருவரும் சொன்னபடியே வரட்டியைத் திருப்பிப் போட்டார்கள். அக்கா தண்ணீர் ஊற்ற, வேறு வழியில்லாமல் ஒரே இடத்தில் நின்று கைகழுவினார்கள். "துண்டு இருக்குதுங்களா, மாப்பிள்ளே?" என்று தகப்பனார் தன் மைத்துனரைப் பார்த்துக் கேட்டார். தாய்மாமன் தன் தோள் துண்டைக் கொடுத்தார். சித்திரையிலேயே கல்யாணம் நடந்தது.

இன்று அந்த மதில் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. குட்டனைப் போல இரண்டு கட்சிக்கும் எழுதுகிற கைகளும் இல்லை. வேட்பாளரின் பற்களை ஆளுயரத்துக்குக் காட்டும் பிளெக்ஸ் போர்டுகள் வண்டியில் வந்து இறங்குகின்றன. நேருக்கு நேர் வந்து "யாருக்குங்க குடுத்தீங்க?" என்று கேட்கிற ஆளும் போய்விட்டான், நாம் எந்தப் பக்கம், போனில் நமக்கு என்ன அனுப்பலாம் என்று யாரோ முன்பே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

போன தேர்தலன்று அக்கா வீட்டில் இருந்தேன். வோட்டுப் போட்டுவிட்டு வந்து, விரல் மையோடு அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் என்னை மாந்தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன். உங்க அக்கா எந்தச் சின்னத்துக்குப் போடறான்னு சொல்லவே மாட்டேங்கறா. உன்கிட்டயாவது சொன்னாளா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங் மச்சான்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, மெதுவாகக் கண்ணைச் சிமிட்டினார்.