அடித்து எழுதாத அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு பின் கார்டு இருக்கிறது. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் ஒவ்வொரு தொட்டியின் மேலும் தொங்குமே, எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்று வரி வரியாக எழுதும் அட்டை, அதுதான். எட்டு எம்.எம். போல்ட்டுக்கானது. ஓரமெல்லாம் கிரீஸ் விரல் தடம். நடுவில் ஒரு வரி தப்பு. அதை யாரும் அழிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் மறைமலை நகரில் கார் உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். காலை ஆறேகாலுக்குத் தாம்பரத்தில் கம்பெனி பஸ். பெருங்களத்தூர் தாண்டியதும் ஏரிப் பக்கத்துப் பனி ஜன்னலுக்குள் வரும். டிரைவரைத் தவிர எல்லாரும் தலையாட்டித் தூங்குவார்கள். வண்டலூரில் சிங்கம் உறுமுவது கேட்கும் என்பார்கள், எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. நடைவழிக்கு அந்தப் பக்கம் ஸ்டோர்ஸ் அக்கா உட்கார்ந்திருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தினமும் தன் சாப்பாட்டுப் பையை இந்தப் பக்கத்து இருக்கையில் வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பார்.

எனக்கு அப்போது ஒரு கிறுக்கு. கணக்குச் சூத்திரம் போல எழுதும், ஃபங்ஷனல் என்கிற வகையைச் சேர்ந்த சின்னக் கணினி மொழி ஒன்று. எங்கெங்கோ இருந்த சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்த்தது. மற்ற மொழிகள் நாம் தப்பு செய்தால் எரிந்து விழும், இது மட்டும், “எண் வரும் என்று பார்த்தேன், எழுத்து வந்திருக்கிறது. இதைத்தான் சொல்ல நினைத்தீர்களா?” என்று தன்மையாகக் கேட்கும். அதில் ஒரு மதிப்பை வைத்துவிட்டால் பிறகு அது மாறாது. மாற்றம் வேண்டுமென்றால் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் பனிக்குள் போகும் பஸ்ஸில் அக்காவிடம் அளந்துகொண்டே வருவேன்.

ஒரு நாள் அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “பத்து போல்ட்டு எடுத்துக்கினு போனா பத்து கொறையணும்ல? எதுவுமே மாறாதுன்னா இன்னாப்பா கணக்கு அது?” பழையதை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்வது என்று மறுபடியும் அதையே ஒப்பித்தேன். வண்டலூர் கடந்ததும் அவரே சொன்னார்: “ஓ, நம்ம பின் கார்டு மாதிரியா? நேத்து இருப்பு நேத்து வரில அப்பிடியே இருக்கும். இன்னிக்கு இருப்பு புது வரி. அடிச்சி எழுதவே கூடாது.”

மூன்று மாதமாக எனக்கே மங்கலாக இருந்தது பளிச்சென்று விளங்கியது. அன்று மாலையே மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த மொழியின் அறிமுகப் பாடத்தில் சேர்க்க, பின் கார்டு உதாரணத்தை எழுதினேன். அவர்கள் முறை எளிது: எழுதியதை மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், பதில் திருப்தியானால் பாடத்தில் சேரும். கடைசியில் ஒரு வரி கட்டாயம்: “இது என் சொந்த ஆக்கம்.” கை கூசாமல் தட்டினேன்.

பாராட்டு குவிந்தது. ஒருவர் மட்டும் கேட்டார்: அட்டையில் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரியவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போனேன்.

“தப்பு அங்கியே கெடக்கட்டும். அடுத்த வரில, மேல எழுதுனது தப்பு, சரி இதுன்னு எழுதிக் கையெழுத்து போடணும். இன்னாத்துக்குக் கேக்கற?”

சொன்னேன். அக்கா கையிலிருந்த அட்டையைத் தொட்டியில் மாட்டினார். “நான் சொன்னத உன் பேர்ல போட்டுக்கினியா?” என்றார். அடுத்த இரண்டு காலையும் சாப்பாட்டுப் பை அவர் மடியிலேயே இருந்தது. நான் மறைமலை நகர் வரை நின்றுகொண்டே போனேன். கால் வலித்தது பெரிதல்ல. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

குழுவுக்குப் போன கடிதத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. சும்மா இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை என்பதும் உண்மை. மூன்றாம் நாள் ஒரு தாளில், “மேலே எழுதியது தப்பு. இந்த உதாரணம் எங்கள் ஸ்டோர்ஸில் வேலை செய்பவருடையது” என்று எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டு, அனுப்பலாமா என்று அவரிடமே நீட்டினேன். இரண்டு முறை படித்தார். “இனிஷியல வுட்டுட்டியே” என்று பேனாவை எடுத்துச் சேர்த்தார். பிறகு பழைய அட்டைக் கட்டுக்குள்ளிருந்து, எழுதி முடிந்த ஒன்றை உருவிக் கொடுத்தார். மறுநாள் பஸ்ஸில் பை என் இருக்கையில் இருந்தது.

இன்று அந்த மொழியை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. குழுவின் பழைய கடிதங்கள் மட்டும் இணையத்தில் கிடக்கின்றன. என் பொய் முதலில் வரும். அதற்குக் கீழே, என் அடுத்த கடிதத்தில், அக்காவின் பெயர். முன்பெல்லாம் அந்த முதல் கடிதம் அழிந்துபோகக் கூடாதா என்று நினைப்பேன். இப்போது இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன். படித்துவிட்டு இழுப்பறையைத் திறப்பேன். போல்ட் அட்டையின் நடுவில், நூற்றிருபதை இருநூற்றுப்பத்து என்று எழுதிய வரி. அதற்குக் கீழே, “மேலே தப்பு.” பக்கத்தில் அக்காவின் கையெழுத்து, இனிஷியலோடு.