அவர் மெட்டுக்குத் திரும்பி வந்தாரா?

பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் விவரம் தெரியாத வயதில், நான் நோர்வேயில் நாங்கள் குடியிருந்த ரொம்மன் புறநகரிலிருந்து பாதாள ரயிலில் நகரத்துக்குப் போய் ஒரு பழைய கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன். அதன் மேல்மாடியில் மாதத்துக்கு ஒரு செவ்வாய் பின்னேரம் எட்டுப் பத்து நோர்வேக்காரர் கூடுவார்கள். ஜாஸ் இசையில் டெனர் சாக்ஸபோனை முதன்முதலில் முன்னுக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவர் இறந்து கனகாலம். ஆயுள் முழுக்க அவர் பதிந்து வைத்ததையெல்லாம் இவர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்திருந்தார்கள். இசைத்தட்டைத் தொடுவதற்கு வெள்ளைக் கையுறை வேறு.

கூடியிருந்து கேட்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

ஊசியை வைப்பார்கள். கொஞ்சம் ஓடும். "இது முதல்தரம் வாசிச்சதில்லை, ரெண்டாந்தரம்" என்பார் ஒருவர். ஊசி மேலே போகும். "டிரம்ஸ் அடிக்கிறது அவனில்லை" என்பார் மற்றவர். பிறகு பதிந்த வருடத்துக்குச் சண்டை, அட்டைப்படத்துக்குச் சண்டை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அரிசி எந்தக் கடையில் வாங்கியது என்று அடிபட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போகிற ஆட்கள். படித்தவர்களாம்.

அதில் ஒரு மெதுவான பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த மனுசன் மெட்டைத் தொடங்கிக் காட்டிவிட்டு, அதைக் கைவிட்டு எங்கேயோ ஏறிப்போவார். நான் கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். எவ்வளவு தூரம் அலைந்தாலும் பல்லவிக்குத் திரும்பி வருவார்கள். இவரும் வருவாரா? அதை அறியத்தான் தும்புத்தடியோடு கூட்டுகிற சாட்டில் படியில் நின்றேன். ஒவ்வொரு முறையும் பாதியில் ஊசியைத் தூக்கினார்கள். மூன்று மாதம்!

நாலாம் மாதம் உள்ளே போய்க் கேட்டேவிட்டேன். "கடைசியிலை இவர் பழைய மெட்டுக்குத் திரும்பி வாறாரோ?"

தடித்த கொப்பி வைத்திருந்த தாடிக்காரர்தான் தலைவர். "எந்தப் பதிவிலை?" என்றார்.

"நீங்கள் இப்ப போட்டதிலை."

"அது மூலத்தட்டோ மறுபதிப்போ எண்டு முதல் பாக்கோணும்."

"தட்டு மாறினா வாசிப்பும் மாறுமோ?"

சிரித்தார்கள். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு, "உன்ரை நாட்டிலை இப்பிடிச் சங்கீதம் இருக்கோ?" என்றார்.

"இருக்கு. நாங்கள் முடியுமட்டும் கேக்கிறனாங்கள்" என்றேன். அது பொய். கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்து ஊத, நாங்கள் முதல் பந்திக்கு இடம் பிடிக்க ஓடுகிற ஆட்கள். ஆனால் அவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை நகர நூலகத்தில் அதே பாட்டு உள்ள சீடியை இரவல் எடுத்து வந்து வீட்டில் போட்டேன்.

"என்னப்பா இது, ஆருக்கோ மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்ச மாதிரி?" என்றா உங்கள் அம்மா.

"கொஞ்சம் பொறும். முடியட்டும்."

"அப்பா, கார்ட்டூன் தொடங்கப்போகுது" என்று நீங்கள் இருவரும் என் காலைப் பிடித்து இழுத்தீர்கள். நான் அசையவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. ஏறினார், இன்னும் ஏறினார், போன இடத்திலேயே நின்று வாசித்து முடித்தார். எனக்கு ஏமாற்றமாகக்கூட இல்லை. திரும்பி வராமலும் ஒரு பாட்டை ஒழுங்காக முடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். எல்லாமாக மூன்று நிமிடம். மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவர்கள் அந்த மனுசனின் ஆயுளையே பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் கூடின செவ்வாய் தாடிக்காரர் பகிடியாகக் கேட்டார். "என்ன, கண்டுபிடிச்சியோ?"

"ஓம். கடைசிவரைக்கும் கேட்டனான். அவர் திரும்பி வரேல்லை."

அவர் அவசரமாகக் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

"எந்தப் பதிவு?"

நான் வாக்கூம் கிளீனரைப் போட்டேன்.